ரால்ஃப் கெட்டவனா?



இந்த மாதம் எனக்கு 'நான் ரசித்த படம்' என்ற பகுதியைக் கொடுத்திருக்கிறார்கள். உடனே "எந்த ஹீரோ படம்டா?" என்று எட்டிப் பார்க்காதீர்கள். இது ஒரு கார்ட்டூன் படம். பெயர் 'ரெக்-இட் ரால்ஃப்'. 2012-ஆம் ஆண்டு வால்ட் டிஸ்னி நிறுவனம் எடுத்தது. இயக்குநர் ரிச் மூர். "இவ்வளவு பெரிய பையன் கார்ட்டூன் பார்க்கிறானா?" என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நானும் சிரித்துக்கொண்டேதான் பார்க்க உட்கார்ந்தேன். படம் முடிந்து எழுந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் கதையைக் கேளுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள்தான் இந்தப் படத்தைப் போடச் சொல்லி அடம் பிடித்தாள். படம் ஆங்கிலத்தில் ஓடியது. அவளுக்குப் புரியாத இடத்தில் எல்லாம் நான் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "அண்ணா, இவன் நல்லவனா, கெட்டவனா?" யார் திரையில் வந்தாலும் இதே கேள்வி!

கதை நடப்பது அமெரிக்காவில் ஒரு வீடியோ கேம் கடையில். லிட்வாக் என்ற பெரியவர் அதை நடத்துகிறார். பீரோ போலப் பெரிய பெரிய பெட்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு விளையாட்டு. கால் டாலர் காசைப் போட்டால் விளையாடலாம். சித்தப்பா இதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "எங்க காலத்துல நம்ம ஊர்லயும் இந்தக் கடை இருந்துச்சுடா. 'முஸ்தபா' கேம்னு ஒண்ணு. அதுக்கு லைன்ல நிப்போம். உங்க தாத்தா வந்து காதைத் திருகி இழுத்துட்டுப் போவாரு" என்றார். அந்த விளையாட்டின் உண்மையான பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்றும், அதில் வரும் வீரர்களில் ஒருவன் பெயர் முஸ்தபா என்பதால் எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள் என்றும் சொன்னார்.

கடையைப் பூட்டிய பிறகுதான் படத்தில் வேடிக்கை ஆரம்பம். பகல் முழுவதும் பெட்டிக்குள் ஓடி, குதித்து, அடிவாங்கிய பொம்மைகள் எல்லாம் ராத்திரி வேலை முடிந்து கிளம்புகிறார்கள். மில்லில் ஷிப்ட் முடிந்து போவார்களே, அந்த மாதிரி! வயர் வழியாக வண்டியில் வந்து இறங்கும் இடம், எல்லாப் பிளக்கும் சொருகியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். நமக்கு அது வெறும் பிளாஸ்டிக் பெட்டி. அவர்களுக்கு அது நம் சென்னை சென்ட்ரல் மாதிரி பெரிய ரயில் நிலையம். அங்கே ஒரு முக்கியமான விதி உண்டு. சொந்த விளையாட்டுக்குள் செத்தால் திரும்பப் பிழைத்துக்கொள்ளலாம். அடுத்தவர் விளையாட்டுக்குள் போய்ச் செத்தால் அதோடு முடிந்தது.

படத்தில் உண்மையான விளையாட்டுகளின் பாத்திரங்களும் வருகிறார்கள். 1980-இல் ஜப்பானில் வந்த 'பேக்-மேன்' விளையாட்டின் பேய்கள், 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' பயில்வான்கள், நீல நிற முள்ளெலி சோனிக் எல்லாரும் வந்து போகிறார்கள். மாரியோவைத் தேடாதீர்கள். அவர் பேச்சு மட்டும் அடிபடுகிறது, ஆள் வரவில்லை. அவருடைய எதிரி பவுசர் வருகிறார்.

சரி, ரால்ஃப் யார்? 'ஃபிக்ஸ்-இட் ஃபெலிக்ஸ் ஜூனியர்' என்ற விளையாட்டின் வில்லன். இது படத்துக்காகக் கற்பனையாக உருவாக்கிய விளையாட்டு. 1981-இல் வந்த 'டாங்கி காங்' விளையாட்டை நினைவுபடுத்தும். ஓர் அடுக்குமாடி வீடு. ரால்ஃப் அதில் ஏறி ஜன்னல்களை உடைப்பான். ஃபெலிக்ஸ் தங்கச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சரிசெய்வான். கடைசியில் ஃபெலிக்ஸுக்கு மெடல். ரால்ஃபை அந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து தூக்கி மாடியிலிருந்து சேற்றில் போடுவார்கள். காசு போட்ட பிள்ளைகள் கைதட்டுவார்கள். தினமும் இதே கதை. முப்பது வருஷம்!

ரால்ஃப் 9 அடி உயரம். எடை 643 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 290 கிலோ. கை ஒவ்வொன்றும் நம் பள்ளி வேப்பமரத்து அடிமரம் அளவு இருக்கும். வேலை முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குள் போய்ப் பாட்டும் கூத்துமாக இருப்பார்கள். ரால்ஃப் மட்டும் செங்கல் குவியலில் தனியாகப் படுப்பான். அந்த வீட்டைக் கட்டுவதற்காக அவன் குடியிருந்த மரக்கட்டையைத்தான் முதலில் அப்புறப்படுத்தினார்கள். இது யாருக்கும் நினைவில் இல்லை.

"அண்ணா, இவன் கெட்டவனா?" என்று பாப்பா கேட்டாள். "ஆமா. 'ரெக்'னா உடைச்சு நொறுக்குறதுன்னு அர்த்தம். பேர்லயே இருக்கு பாரு" என்றேன். பெரிய அறிவாளி மாதிரி!

வில்லன்களுக்கென்று ராத்திரியில் ஒரு கூட்டம் நடக்கிறது. பேக்-மேன் விளையாட்டில் பேய்கள் இருக்குமே, அந்த நடுக்கட்டத்துக்குள். ஆரஞ்சு நிறப் பேய்தான் தலைவர். எல்லா வில்லன்களும் வட்டமாக உட்கார்ந்து மனக்கஷ்டத்தைச் சொல்கிறார்கள். கெட்டவன் வேஷம் போடுகிறவன் கெட்டவனாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்று ஒரு பயில்வான் ரால்ஃபுக்கு எடுத்துச் சொல்கிறார். நானும் பாப்பாவும் அந்தக் காட்சியில் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்த விளையாட்டுக்கு முப்பதாவது ஆண்டு விழா வருகிறது. கேக் வெட்டுகிறார்கள். ரால்ஃபை மட்டும் அழைக்கவில்லை. அவனாகவே போய் நிற்கிறான். கேக்கின் உச்சியில் ஃபெலிக்ஸ் பொம்மை மெடலோடு நிற்க, ரால்ஃப் பொம்மை கீழே சேற்றில் கிடக்கிறது. "என்னையும் மேலே வைக்கலாமே" என்று கேட்கிறான். வாக்குவாதம் முற்றி, கோபத்தில் ஓங்கியவன் கேக்கையே நசுக்கிவிடுகிறான். "நீயும் ஒரு மெடல் வாங்கிட்டு வா, மாடி வீட்டையே தர்றோம்" என்று ஒருவர் கிண்டலாகச் சொல்கிறார். ரால்ஃப் அதை நிஜமென்று நம்பி, அடுத்த விளையாட்டுக்குள் மெடல் தேடிப் போய்விடுகிறான்.

மறுநாள் காலையில் ஒரு சிறுமி காசு போடுகிறாள். உடைப்பதற்கு ஆள் இல்லை! உடைந்தால்தானே ஃபெலிக்ஸ் சரிசெய்ய முடியும்? விளையாட்டு ரிப்பேர் என்று லிட்வாக் பெட்டி மேல் அட்டை ஒட்டிவிடுகிறார். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அந்த வீடும் போச்சு, மனிதர்களும் அனாதை. முப்பது வருஷமாகத் தூக்கிப் போட்டவன் இல்லாமல் தங்களுக்குப் பிழைப்பே இல்லை என்பது அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது.

ரால்ஃப் ஒரு போர் விளையாட்டில் மெடலை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து தப்பி, 'சுகர் ரஷ்' என்ற கார்ப் பந்தய விளையாட்டில் வந்து விழுகிறான். அங்கே எல்லாமே மிட்டாய்! மரம், மலை, ரோடு எல்லாம் இனிப்பு. (பாப்பா அப்போது எழுந்து போய் டப்பாவிலிருந்து கடலை மிட்டாய் எடுத்து வந்தாள்.) அங்கே வெனலபி என்று ஒரு குட்டிப் பெண். அவள் உடம்பு அடிக்கடி டி.வி.யில் சிக்னல் போன மாதிரி கலைந்து கலைந்து தெரியும். அதனால் அவளைக் 'கோளாறு' என்று சொல்லி யாரும் பந்தயத்தில் சேர்ப்பதில்லை. ரால்ஃப் அவளுக்கு ஒரு கார் செய்ய உதவுகிறான். அவள் பிஸ்கட்டில் ஒரு மெடல் செய்து அவன் கழுத்தில் போடுகிறாள். அவள்தான் அவனை ஹீரோ என்று சொன்ன முதல் ஆள்.

அதே காரை ரால்ஃப் தன் கையாலேயே உடைக்க வேண்டி வருகிறது. அவள் பந்தயத்தில் ஓடினால் விளையாட்டே மூடப்படும், அவளால் மட்டும் தப்பித்து வெளியே போக முடியாது என்று அந்த ஊர் ராஜா அவனை நம்ப வைக்கிறான். அவள் உயிர் பிழைக்க வேண்டுமே என்று அவள் கண் முன்னாலேயே காரை அடித்து நொறுக்குகிறான். அவள் அழுகிறாள். பாப்பாவும் அழுதாள். "அண்ணா, இப்ப இவன் கெட்டவனா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "பேசாம பாரு" என்று அதட்டினேன்.

மெடலோடு ரால்ஃப் தன் விளையாட்டுக்குத் திரும்பி வருகிறான். சொன்னபடி மாடி வீட்டுச் சாவியைக் கையில் கொடுக்கிறார்கள். ஆனால் வீடு முழுக்கக் காலி. எல்லாரும் ஓடிவிட்டார்கள். மெடல் இருக்கிறது, சாவி இருக்கிறது, "வாடா" என்று கூப்பிட ஒருவர் கூட இல்லை.

இன்னொரு பக்கம் நம்ம ஃபெலிக்ஸ் ஜெயிலில் மாட்டிக்கொள்கிறான். சுத்தியலால் கம்பியை அடிக்கிறான், அடிக்கிறான், கம்பி இன்னும் உறுதியாகிறதே தவிர உடையவில்லை! எதைத் தொட்டாலும் சரியாகிவிடும் என்பதுதானே அவன் வரம்? அந்த வரத்தால் அவனுக்கே கதவு திறக்க முடியவில்லை. அப்போது சுவரை உடைத்துக்கொண்டு வந்து நிற்பவன் ரால்ஃப். ஃபெலிக்ஸ் கோபமாகக் கேட்கிறான். ஒதுக்கி வைத்து, குற்றவாளி மாதிரி நடத்தினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா என்று. ரால்ஃப் சொல்லும் பதிலை என் தமிழில் சொன்னால் இதுதான். "தெரியும். எனக்குத் தினமும் அதுதான்."

அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. படம் ஓடிக்கொண்டிருந்தது, என் மனம் நம் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது.

நண்பர்களே, இனிமேல் எழுதப்போவது என் கதை.

நான் என் வகுப்பு லீடர். ஆசிரியர் இல்லாத பீரியடில் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவது என் வேலை. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போவேன். எங்கள் வகுப்பில் ஒருவன் இருக்கிறான். (பெயரைச் சொல்ல மாட்டேன்.) ஆள் உயரம், குரல் பெரிசு. போர்டில் முதல் பெயர் எப்போதும் அவனுடையதுதான். சாக்பீஸைக் கையில் எடுத்ததும் அவன் பெயர் தானாக வந்துவிடும். பின்னால் சத்தம் கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். அவன்தான் என்று எழுதிவிடுவேன்.

மழை நாளில் ஒரு செவ்வாய்க்கிழமை. கடைசி மணி அடித்து எல்லாரும் போய்க்கொண்டிருந்தார்கள். பின்பக்கக் கழிப்பறையில் ஆறாம் வகுப்புத் தம்பி ஒருவன் உள்ளே மாட்டிக்கொண்டான். மழையில் கதவு ஊறி உப்பி, தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிவிட்டது. உள்ளே ஒரே அழுகை. நான் தள்ளிப் பார்த்தேன், முடியவில்லை. வாட்ச்மேன் அண்ணனைக் கூட்டிவர ஓடினேன். அவர் கேட்டில் பஸ் நெரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பிடிக்க முடியாமல் நான் திரும்பி வருவதற்குள் கதவு உடைந்து கிடந்தது. அந்தத் தம்பி வெளியே நின்று விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தான். அவனுடைய பையைத் துடைத்துத் தோளில் மாட்டி விட்டுக்கொண்டிருந்தது யார் தெரியுமா? நம்ம ஆள்தான். ஒரே உதை, கதவு போச்சு.

நான் அப்போது சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "டேய், கதவை உடைச்சிட்டியேடா!" அந்தத் தம்பிக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். "வேற என்ன பண்ணச் சொல்ற?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் விசாரணை. "நான்தான் சார்" என்று அவனே முன்னால் வந்தான். "ஏன்டா உடைச்ச?" என்று சார் கேட்டதும், அவன் வாயைத் திறப்பதற்குள் வரிசையில் சிரிப்பு. "அவன் எப்பவும் அப்படித்தான் சார்" என்று நாலைந்து குரல். அவன் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தம்பியும் வெட்கத்தில் வாய் திறக்கவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் முதல் வரிசையில், முதல் ஆளாக, லீடர் பேட்ஜோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும். சொன்னால் "நீ அங்கே என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?" என்று கேட்பார்களே என்று பயம். சொல்லவில்லை.

வியாழன் அவன் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், ஆசிரியர் கூட்டம் என்று போயிருந்தார்கள். பின் பெஞ்சில் சத்தம். நான் வழக்கம்போல் திரும்பாமல் எழுதினேன். டீச்சர் வந்து போர்டைப் பார்த்து, "இவன் ரெண்டு நாளா ஸ்கூலுக்கே வரலையேப்பா!" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அழித்துவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் இந்தப் படத்தைப் பார்த்தேன். ஃபெலிக்ஸ் ஜெயிலில் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தபோது, மழையில் வாட்ச்மேனைத் தேடி ஓடிய என் முகம்தான் தெரிந்தது. நான் நூறு தடவை ஓடியிருந்தாலும் அந்தக் கதவு திறந்திருக்காது.

திங்கட்கிழமை காலை டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "இதை ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டார். பதில் இல்லை. டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. பிறகு தலைமை ஆசிரியர் அறைக்குக் கூட்டிப் போனார். அந்தத் தம்பியையும் அழைத்து மெதுவாகக் கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை அவன் வந்துவிட்டான். கதவை உடைத்ததற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது என்று தலைமை ஆசிரியர் காலை வணக்கக் கூட்டத்தில் சொன்னார். அவன் காலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றான்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் போய், "மன்னிச்சிருடா" என்றேன். "அதை விடுடா. ஆமா... நான் வராத அன்னைக்கும் என் பேரை எழுதினியாமே? லீவுல வீட்ல இருந்து பேசினாலுமாடா உனக்குக் கேட்குது?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

போன வருடம் குறள் ஒப்பித்தல் போட்டியில் எனக்கு முதல் பரிசு. 'தெரிந்துதெளிதல்' அதிகாரத்தைத் தடுமாறாமல் சொன்னதற்கு எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். ஒருவரின் குணத்தையும் பார், குற்றத்தையும் பார், எது மிகுதி என்று பார்த்து முடிவு செய் என்று வள்ளுவர் அதில்தான் சொல்கிறார். பத்துக் குறளையும் ஒப்பித்தேன். அந்தத் தட்டில்தான் தினமும் சாப்பிடுகிறேன். ஆனால் என் வகுப்பில் இருக்கும் ஒருவனின் குணத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, குற்றத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

படம் எப்படி முடிகிறது, அந்த மிட்டாய் ராஜா உண்மையில் யார் என்பதை எல்லாம் நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். கடைசியில் ரால்ஃப் ஹீரோவாக மாறி மெடல் வாங்குவதில்லை. மறுபடியும் ஜன்னலை உடைக்கும் அதே வேலைதான். தினமும் அவனைத் தூக்கிச் சேற்றில்தான் போடுகிறார்கள். ஆனால் தூக்கும் அந்த ஒரு நிமிடத்தில் உயரத்திலிருந்து எதிர்ப் பெட்டி தெரிகிறது. அங்கே வெனலபி கார் ஓட்டுவதை அவன் பார்க்கிறான். அவனுக்கு அது போதும். இந்தப் படம் 2013-இல் ஆஸ்கருக்குப் போட்டியிட்டுத் தோற்றது, ஆனால் கார்ட்டூன் படங்களுக்கென்றே தரும் ஆனி விருதை அதே ஆண்டில் வென்றது. 2018-இல் இரண்டாம் பாகமும் வந்தது.

இன்றும் போர்டில் பெயர் எழுதுவது என் வேலைதான். சத்தம் கேட்டால் இப்போது சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். பேசுகிறவர்கள் யார் என்று பார்த்த பிறகுதான் எழுதுகிறேன். அவன் பெயரும் சில நாள் வருகிறது, உண்மையாகப் பேசினால்! நான் இதுவரை ஒரு தடவைகூட எழுதாத இரண்டு 'நல்ல பிள்ளைகள்' பெயர் இப்போது அடிக்கடி வருகிறது. யார் என்று அவர்களுக்கே தெரியும்.

இந்தக் கட்டுரையை அவனிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் போடவா?" என்று கேட்டேன். "வேண்டாம்பா. நீ போர்டுல எழுதினதே போதும்" என்றான்.

அன்புள்ள நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் ஒரு ரால்ஃப் இருப்பான். அவன் எதையாவது உடைத்துவிட்டு நின்றால், சிரிப்பதற்கு முன் ஒரு தடவை "ஏன்டா உடைச்ச?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.

அன்று பாப்பா தூங்கப் போகும்போது மறுபடியும் கேட்டாள். "சொல்லுண்ணா, ரால்ஃப் கெட்டவனா?"

"இல்லடா" என்றேன். "நாமதான் சரியாப் பார்க்கல."



— ஒன்பதாம் வகுப்பு மாணவன்